கப்பலுக்கு மகளின் பெயரிட்ட பெருமகன்: இரங்கூன் மதுரைப் பிள்ளை

காரைக்கால் பழமையான வணிகத் துறைமுகம். இவ்வூரில் வாழ்ந்த பரமதத்தன் என்னும் வணிகன் கப்பலேறிச் சென்று பெரும்பொருள் ஈட்டினான் என்றும், பாண்டிநாட்டில் குடியமர்ந்து, தனக்குப் பிறந்த மகளுக்குப் புனிதவதியாரின் பெயரையே சூட்டினான் என்றும் பெரிய புராணம் கூறுகின்றது. ஆனித் திங்கள் முழுநிலா நாளில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவின் வழியாக இக்கதை நம் பகுதிக் குழந்தைகளுக்கும் நன்கு தெரியும்.

ஆனால் நிலமற்ற உழைப்பாளர் குடும்பங்களுக்குக் கடல் என்பது வேறொரு பொருளைத் தந்தது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் முதலிய தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு 1882இல் நிறுத்தியது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்புவது 1888இல் நின்றது. சென்றவருள் திரும்பி வராதோர் பலர். கரையில் நின்று வழியனுப்பியோரின் கண்ணீரை எந்தப் பதிவேடும் குறித்து வைக்கவில்லை.

இதே காலத்தில், ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒருவர் அதே கடலைக் கடந்து சென்று, தாமே கப்பலுக்கு உரிமையாளரானார் என்பது நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறாகும். அவரே பெ.மா. மதுரைப் பிள்ளை. 1858இல் சென்னையில் பிறந்து, இரங்கூனில் தொழில் நடத்தி, 1913இல் மறைந்தவர்.

அவர் வாழ்ந்த காலத்து இரங்கூனை முதலில் அறிந்து கொள்ளுதல் நன்று. 1852இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் பெரும் சந்தை ஏற்பட்டது. ஐராவதி ஆற்றுச் சமவெளியில் விளைந்த நெல் இரங்கூன் ஆலைகளில் அரிசியாகி, மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. நம் காவிரிக் கழிமுகத்தைப் போன்ற நெல் நாடு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரங்கூன் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியராக இருந்தனர் என்றால், அங்கு எத்தனை கைகள் தேவைப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலே மதுரைப் பிள்ளை அவர்களை உயர்த்தியது. ஸ்டீவடோர் எனப்படும் இத்தொழில் எளிதன்று. குறித்த நாளில் கப்பல் புறப்படாவிட்டால் கப்பல் கம்பெனிக்கு நட்டம். ஆள் குறைந்தால் ஒப்பந்தக்காரருக்கு நட்டம். கணக்கில் நேர்மை, ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் திறமை, ஆட்களை நடத்தும் பக்குவம் ஆகிய மூன்றும் வேண்டும். பரம்பரைச் சொத்தும் சாதிச் செல்வாக்கும் உள்ளவர்கள் நிறைந்த வணிக உலகில், அவற்றின் துணையின்றி அவர் நிலைபெற்றார். இரங்கூனில் கௌரவ நீதிபதியாக விளங்கினார். அரசாங்கம் அவருக்கு ராவ்பகதூருக்கு நிகரான ராய்பகதூர் பட்டம் அளித்தது. ஊர்க்கிணற்றில் நீர் எடுக்கும் உரிமையும் நம்மவர்க்கு மறுக்கப்பட்ட காலம் அது என்பதை மறவாதீர்கள்.

தமக்குச் சொந்தமான கப்பலுக்கு அவர் இட்ட பெயர் ‘மீனாட்சி’. அஃது அவருடைய அருமை மகளின் பெயராகும். அந்நாளில் பெண் குழந்தை பிறந்தால் முகம் சுளித்தோர் எத்தனையோ பேர். வெயிலிலும் மழையிலும் உழைத்துத் தேடிய செல்வத்தின் முகப்பில் மகளின் பெயரைப் பொறித்த தந்தையின் உள்ளம் எத்தகையது என்பதை இவ்வொரு செயலே காட்டும்.

ஈட்டிய பொருளை அவர் பூட்டி வைக்கவில்லை. தமிழ்ப் புலவர்களை ஆதரித்தார். அவரைப் போற்றிப் புலவர் பலர் பாடிய பாடல்கள் ‘மதுரைப் பிரபந்தம்’ என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. கற்றோர் அவையில் நம் சமுதாயத்துப் பெருமகனுக்கு அந்நாளிலேயே கிடைத்த இடம் அது.

எனினும், துறைமுகத் தொழிலின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் வரலாறு ஆகாது. அக்காலத்தில் பர்மாவுக்குச் சென்ற கூலிகள் மேஸ்திரிகளிடம் முன்பணம் பெற்றே கப்பலேறினர். அக்கடன் அவர்தம் கூலியை அரித்தது. மூட்டை சுமந்த முதுகுகளின் மீதுதான் இரங்கூன் துறைமுகத்தின் செல்வம் முழுவதும் எழுந்தது. ஆகவே, அத்தொழிலில் உயர்ந்த எவருக்கும் உழைத்த மக்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் ஒன்று உண்டு.

அக்கடனை அவர் குடும்பம் தலைமுறையாகத் தீர்த்தது. மகள் மீனாட்சி, சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக விளங்கிய வாசுதேவப் பிள்ளையை மணந்தார். அவர்களுக்கு 1904இல் இரங்கூனில் பிறந்தவரே அன்னை மீனாம்பாள். 1938இல் ஈ.வெ. இராமசாமி அவர்களுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டம் வழங்கிய சென்னைப் பெண்கள் மாநாட்டில் முன்னின்ற பெண்மணிகளுள் அவரும் ஒருவர். அண்ணல் அம்பேத்கர் அவரைத் தம் உடன்பிறந்த சகோதரியாகவே கருதினார். மீனாம்பாளின் கணவர் ந. சிவராஜ் சட்டக் கல்லூரிப் பேராசிரியர். 1942இல் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பின் தலைவர். 1945இல் சென்னை மேயர். மீனாம்பாள் 1992இல் மறைந்தார்.

இனி, ஒன்றைச் சிந்தியுங்கள். 1942இல் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தபோது, பர்மா இந்தியர்களின் கடைகளும் களஞ்சியங்களும் கைவிடப்பட்டன. இலட்சக்கணக்கானோர் காட்டு வழியே கால்நடையாகத் தாயகம் திரும்பினர். பல தலைமுறைகள் சேர்த்த பொருள் சில திங்களில் போயிற்று. ஆனால் மகளுக்கும் பேத்திக்கும் கிடைத்த தன்மதிப்பையும் கல்வியையும் எந்தப் படையாலும் பறிக்க இயலவில்லை. கப்பலும் இன்றில்லை, அப்பெயர் மட்டும் நிலைத்து நிற்கின்றது.

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நெடுங்காட்டிலும் கோட்டுச்சேரியிலும் திருநள்ளாற்றிலும் வாழும் நம் இளைஞர்களுக்கு இரு வேண்டுகோள் விடுக்கின்றேன். அரசுப் பணியை நாடுங்கள். அத்துடன் தொழிலும் வணிகமும் நமக்கு உரியனவல்ல என்னும் தயக்கத்தை விட்டொழியுங்கள். அடுத்து, உங்கள் வீட்டு முதியோர் எங்கே சென்றனர், என்ன தொழில் செய்தனர், யாரைப் படிக்க வைத்தனர் என்பதைக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மதுரைப் பிள்ளையின் வரலாறு நமக்கு எஞ்சியிருப்பதற்குக் காரணம், அதனை எழுதி வைத்தோர் சிலர் இருந்தமையே. எழுதப்படாத பெருமக்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். அவர்களை எழுதும் கடமை உங்களுடையது.