கோல்ஃப் பந்தும் ஸ்பெக்ட்ரம் கேசட்டும்

வீடியோ கேம்னாலே காசைக் கரியாக்குற வேலைன்னு என் ரூம்மேட் அடிக்கடி சொல்லுவான். சொல்றவன் யாரு? கேமரா பைத்தியம். அவன் வச்சிருக்கிற ஒரு லென்ஸ் விலைக்கு நான் ரெண்டு பிளேஸ்டேஷன் வாங்கலாம். நாம கேட்டா மட்டும் "அது கலைடா" என்பான். :-)

இந்தச் சண்டைக்கு ஏத்த ஊர்லதான் நான் படிக்கிறேன். ஸ்காட்லாந்துல டே ஆற்றங்கரையில இருக்கிற டண்டீ. ஒரு காலத்துல வங்காளத்துச் சணலை நெய்து பிழைச்ச ஊர், இப்போ கேம் எழுதிப் பிழைக்குது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில அரை மணி நேரம் போனா செயின்ட் ஆண்ட்ரூஸ், அதாவது கோல்ஃபோட தாய்வீடு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பொழுதுபோக்கு, அந்தப் பக்கம் இன்னொண்ணு. எதுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

முதல்ல கோல்ஃப். 1457-ல ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், ரெண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துல, கோல்ஃபையும் கால்பந்தையும் தடை பண்ணிச்சு. காரணம் காசு இல்ல, நேரம். பசங்க வில்வித்தை பழகாம பந்தடிச்சுக்கிட்டு இருந்தா நாளைக்கு இங்கிலாந்துக்காரன் படையெடுத்து வந்தா யாரு நிப்பான்னு கவலை. "எப்பப் பாரு கேம், படிக்கவே மாட்டேங்கறான்" என்கிற நம்ம வீட்டுப் புலம்பல்தான், சட்டமா எழுதினது.

அப்புறம் பல நூறு வருஷம் கோல்ஃபைக் காசே தடுத்துச்சு. பந்துதான் பிரச்சனை. தோல் பை ஒண்ணைத் தைச்சு, ஒரு தொப்பி நிறைய இறகை வேக வச்சு, அதுக்குள்ள திணிச்சுத் திணிச்சுச் செய்யணும். கைதேர்ந்த ஆளே ஒரு நாளைக்கு மூணு நாலு பந்துதான் செய்வார். ஒண்ணு ரெண்டரை ஷில்லிங்ல இருந்து அஞ்சு ஷில்லிங் வரை. மழையில நனைஞ்சா போச்சு, தையல் பிரிஞ்சா போச்சு. (ஸ்காட்லாந்துல மழை!) வேலை செய்து சாப்பிடுறவன் இதை வாங்கி ஆட முடியுமா?

1848 வாக்குல இதெல்லாம் மாறுது. மலாயாக் காடுகள்ல கிடைக்கிற ஒரு மரத்தோட பால்ல இருந்து பந்து செய்ய ஆரம்பிச்சாங்க. அதுதான் கட்டாபெர்ச்சா. 'கெத்தா'ன்னா மலாய் மொழியில மரப்பால். சூடு தண்ணியில போட்டா இளகும், ஆறினா இறுகும். அடிபட்டுச் சிதைஞ்சா உருக்கி மறுபடி உருட்டிக்கலாம். விலை ஒரு ஷில்லிங் பக்கம் இறங்கிச்சு. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இறகுப் பந்து செய்து வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்த ஆலன் ராபர்ட்சனுக்கு இது பிடிக்கல. அவர்கிட்ட வேலை பார்த்த டாம் மோரிஸ் புதுப் பந்துல ஆடினதைப் பார்த்து ரெண்டு பேருக்கும் முறிஞ்சே போச்சு. மோரிஸ் தனியாப் போய், பின்னாடி கோல்ஃப் வரலாற்றுலயே பெரிய ஆளானார்.

பந்து விலை குறைஞ்சது ஆட்டக்காரனுக்கு மட்டும்தான். அந்தப் பாலை எடுக்க அப்போ மரத்தையே வெட்டிச் சாய்ச்சாங்க. ஒரு மரத்துல கிடைக்கிற பால் கொஞ்சம்தான். கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போடவும் இதுவேதான். உண்மையில மரத்தைத் தின்னதுல பெரும் பங்கு தந்திக்குத்தான், கோல்ஃபுக்கு இல்ல. ஆனா கோல்ஃபும் அந்தப் பந்தியில உட்கார்ந்து சாப்பிட்ட விருந்தாளிதான். சிங்கப்பூர்ல 1850-கள் முடியறதுக்குள்ளயே அந்த மரம் கிட்டத்தட்ட இல்லாம போச்சு. ஒரு ஷில்லிங்ல இந்தக் கணக்கு ஏறல.

ரூம்மேட்டுக்காக ஒரு பத்தி: 1888-ல ஈஸ்ட்மன் கொண்டுவந்த முதல் கொடாக் கேமரா 25 டாலர். நூறு படம் எடுத்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பணும். கழுவி, புது ஃபிலிம் போட்டுத் தர இன்னொரு 10 டாலர். 1900-ல பிரவுனி வந்துச்சு, விலை ஒரே ஒரு டாலர். ஆறு படம் எடுக்கிற ஃபிலிம் 15 சென்ட். பெட்டியைச் சும்மா மாதிரி கொடுத்துட்டு ஃபிலிம்ல சம்பாதிக்கிற வித்தை அது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ ஆற்றுக்கு இந்தப் பக்கம் வருவோம். 1982 ஏப்ரல்ல சின்க்ளேர் கம்பெனி ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை விட்டுச்சு. 16கே 125 பவுண்டு, 48கே 175 பவுண்டு. விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தா அந்த 175 இன்னிக்கு 600-க்குக் குறையாது. 2020-ல பிளேஸ்டேஷன் 5 இங்க வந்தப்போ டிஸ்க் போடுற மாடலே 449.99 தான். "கம்ப்யூட்டர் படிச்சு முன்னேறுவான்"னு நம்பி அப்பா அம்மா வாங்கிக் கொடுத்தாங்க. பையன் கேம் ஆடினான். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?) அடுத்த வருஷமே 48கே 129.95-க்கு இறங்கிச்சு.

அந்த ஸ்பெக்ட்ரம் செய்தது இந்த டண்டீயில, டைமெக்ஸ் தொழிற்சாலையில. வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலும் பெண்கள். கைக்கடிகாரம் பூட்டின கை, அப்படியே கம்ப்யூட்டருக்கு மாறிச்சு.

கேம் கேசட்ல வரும். டேப் ரெக்கார்டர்ல போட்டு, கீச்சுனு கத்துற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். 1983-ல வந்த மேனிக் மைனர் 5.95 பவுண்டு. ரெண்டு டெக் இருந்தா நண்பனோட கேசட்டைப் பாட்டு மாதிரியே காப்பி அடிச்சுக்கலாம். அதனால அல்டிமேட் கம்பெனி 1984-ல தலைகீழா யோசிச்சு, சேபர் உல்ஃப் கேமுக்கு 9.95-ன்னு விலையை ஏத்திச்சு. அவ்வளவு கொடுத்து வாங்கினவன் அடுத்தவனுக்குச் சும்மா காப்பி கொடுக்க மாட்டான்னு மனக்கணக்கு. அதே நேரத்துல மாஸ்டர்ட்ரானிக் 1.99-க்கு விக்க ஆரம்பிச்சு பேப்பர் கடை, பெட்ரோல் பங்க்னு எல்லா இடத்துலயும் தொங்கவிட்டுச்சு. பாக்கெட் மணிக்கு அடங்குற விலை. ஒரு ஷில்லிங் கோல்ஃப் பந்து மாதிரிதான்.

காசு போட்டு ஆடுற மெஷின்கள் வேற ரகம். அதுல விலைக்கு எல்லையே கிடையாது, செத்தா இன்னொரு காசு. 1981 மே மாசம் ஜார்ஜ் ஃபோக்ஸ்னு ஸ்காட்லாந்து தொழிற்கட்சி எம்.பி. ஒருத்தர், பசங்க இதுக்கு அடிமையாகிக் காசு திருடுறாங்கன்னு சொல்லி ஸ்பேஸ் இன்வேடர்ஸைக் கட்டுப்படுத்தவே தனி மசோதா கொண்டுவந்தார். ஆதரவு 94, எதிர்ப்பு 114. இருபது ஓட்டுல தப்பிச்சுது! 1457-ல கோல்ஃபுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்ல.

டைமெக்ஸ்ல அப்ரண்டிஸா இருந்த டேவிட் ஜோன்ஸ், வேலையை விட்டப்போ கிடைச்ச தொகையில ஒரு அமிகா வாங்கினார். அவர் தொடங்கின டிஎம்ஏ டிசைன்தான் 1991-ல லெமிங்ஸும் 1997-ல கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவும் கொடுத்துச்சு. டைமெக்ஸ் பெண்களுக்கு அப்படி எதுவும் நடக்கல. 1993 ஜனவரியில ஆள்குறைப்பு, சம்பள முடக்கத்தை எதிர்த்து வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் செய்தவங்களை அடுத்த மாசமே நீக்கினாங்க. வாசல்ல மாசக்கணக்கா மறியல், ஆகஸ்ட்ல தொழிற்சாலையே மூடல். இந்த ஊரோட கேம் வரலாறுன்னா எல்லாரும் ஜோன்ஸ் கதையைத்தான் சொல்றாங்க. எனக்கு ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் கதை முழுசாத் தெரியுது.

சரி, கணக்குக்கு வருவோம். கேம் ஆடுறவங்க எல்லார்கிட்டயும் ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கு: மணிக்கணக்கு. 50 பவுண்டு கேமை நூறு மணி நேரம் ஆடினா மணிக்கு 50 பென்ஸ். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்ல கோடையில வெளியூர்க்காரர் ஒரு ஆட்டம் ஆட 300 பவுண்டுக்கு மேல. நாலு மணி நேர ஆட்டம்னு வச்சா மணிக்கு 75. (உள்ளூர்க்காரங்களுக்கும் அந்த ஊர் மாணவர்களுக்கும் வருஷச் சீட்டு சலுகை உண்டு, அதை மறைக்கக் கூடாது.) நானும் இந்தக் கணக்கை வச்சே ரூம்மேட் வாயை அடைப்பேன்.

ஆனா இது கேசட் காலத்துக் கணக்கு. விலை ஒரு தடவை கொடுத்தா முடிஞ்சது, அதுக்கப்புறம் எவ்வளவு ஆடினாலும் லாபம் நமக்கு. 2006-ல ஆப்லிவியன் கேம்ல குதிரைக்குக் கவசம் போட ரெண்டரை டாலர் கேட்டப்போ உலகமே சிரிச்சுது. 2009-ல ஃபிஃபா கால்பந்து கேம்ல பாக்கெட் பிரிக்கிற அல்டிமேட் டீம் வந்துச்சு, உள்ள எந்த ஆட்டக்காரர் வருவார்னு பிரிச்சாத்தான் தெரியும். 2013-ல கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன்ல நிஜக் காசு கொடுத்து விளையாட்டுக் காசு வாங்கலாம்னு ஆச்சு. பிரவுனி கேமரா ஃபிலிம் வித்தையேதான். ஆனா ஃபிலிம்ல ஆறு காசு போட்டா ஆறு படம் உறுதி. இங்க அதுவும் இல்ல. இப்படிப்பட்ட கேம்ல நூறு மணி நேரம் இருந்தா செலவு மணிக்கு மணி குறையாது, கூடத்தான் வாய்ப்பு. நம்ம பிரம்மாஸ்திரம் நம்ம மேலயே திரும்புது.

பெல்ஜியம் 2018-ல இதைச் சூதாட்டம்னு சொல்லிடுச்சு. அடுத்த ஜனவரியில ஃபிஃபா பாயின்ட் விற்பனையை அங்க நிறுத்தினாங்க. பிரிட்டன்ல 2019-ல நாடாளுமன்றக் குழுவே சூதாட்டச் சட்டத்துக்குள்ள கொண்டுவரணும்னு பரிந்துரை பண்ணிச்சு. 2022 ஜூலையில அரசாங்கம், சட்டத்தை மாத்தப் போறதில்ல, கம்பெனிகளே பார்த்துக்கட்டும்னு முடிச்சிடுச்சு. இந்தத் தடவை ஓட்டெடுப்பு வரைக்கும்கூடப் போகல.

ரூம்மேட் இதைப் படிச்சுட்டு "அப்போ நான் சொன்னது சரிதானே" என்கிறான். லென்ஸ் ரசீதைக் காட்டுடான்னு கேட்டிருக்கேன், இன்னும் காட்டல.