கழறாத போல்ட்டும் மூன்று நாட்டு அளவுகளும்

விருத்தாசலம் என்றதும் நினைவுக்கு வருவது பீங்கான். சூளையில் சுட்டெடுத்த பீங்கான் துருப்பிடிக்காது. ஆனால் அதற்கான களிமண்ணைச் சுமக்கும் பழைய பிக்கப் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஈரச் சேறு அடியில் ஒட்டியே இருந்தால், ஸ்பிரிங் பட்டைகளைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட் சில வருடங்களில் இறுகிவிடும். தேய்ந்த புஷ்ஷை மாற்றுவது சின்ன வேலைதான். போல்ட் கழறாவிட்டால் அன்றைய வாடகையே போய்விடும்.

போல்ட் ஏன் கழறுவதில்லை? காரணம் இரண்டு. ஒன்று அளவு, மற்றொன்று துரு.

முதலில் அளவு. 1841ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் எல்லாப் பட்டறைக்கும் பொதுவாக ஒரு மரையை முன்வைத்தார். அதன் கோணம் 55 டிகிரி. 1864ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி மரையைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவோ மில்லிமீட்டர் பக்கம் போனது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் நட்டு அமெரிக்க போல்ட்டில் ஏறாமல் நேச நாடுகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதன் பிறகே 1948ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே அங்குல மரைக்கு ஒப்புக்கொண்டன.

இந்தியாவுக்கு இந்த மூன்றும் வந்து சேர்ந்தன. 1947ல் மஹிந்திரா கொண்டுவந்த வில்லிஸ் ஜீப் அமெரிக்க அளவு. எண்ணூரின் லேலண்ட் லாரி பிரிட்டிஷ் அளவு. 1954ல் வந்த டாடா மெர்சிடிஸ் பென்ஸ் மில்லிமீட்டர் அளவு. 1956ல் மெட்ரிக் சட்டம் வந்தாலும், ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் போல்ட்டுகள் சட்டத்தைப் படிக்கவில்லை! 9/16 அங்குலத் தலை என்பது 14.3 மி.மீ. அதில் 14 ஸ்பானர் நுழையாது, 15 ஸ்பானர் ஆடும். ஆடும் ஸ்பானரில் பலம் கொடுத்தால் தலை மொட்டையாகிவிடும்.

அடுத்து துரு. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடத்தை அடைக்கிறது. புஷ்ஷின் இரும்புக் குழாய்க்குள் விரிய இடமில்லாததால், துருவே ஆப்பு அடித்தாற்போல் போல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது.

பலரும் கையிலெடுக்கும் டபிள்யூ.டி.40 இதற்காகப் பிறந்ததல்ல. 1953ல் அமெரிக்காவில் ராக்கெட் உலோகத்தில் ஈரம் தங்காமலிருக்க உருவானது. மண்ணெண்ணெயோ டீசலோ, எதை ஊற்றினாலும் ஓர் இரவு ஊற விடுவதே முக்கியம். பிறகு கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மாறி மாறி அசைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நட்டைச் சூடாக்கலாம். நட்டு விரிந்து பிடி தளரும். ஆனால் எண்ணெய் ஊற்றிய இடத்தில் தீ ஆபத்து, ரப்பர் புஷ்ஷும் எரியும். கடைசி வழி ரம்பம். போல்ட்டை அறுத்தால் போல்ட் மட்டும்தான் நஷ்டம்; ஓங்கி அடித்துச் சேஸிஸில் உள்ள பிராக்கெட் உடைந்தால் செலவு பெரிது.

எல்லாவற்றையும்விடப் பெரியது உயிர். போல்ட் வெளியே வரும் நொடியில் ஸ்பிரிங் துள்ளும். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டோ உறுதியான மரக்கட்டையோ கொடுக்காமல், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

புதுப் போல்ட்டை மாட்டும்போது புஷ்ஷுக்குள் போகும் பகுதியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால், அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார்.