டெலாபிரெவிர் தோல் எதிர்வினைகள்

டெலாபிரெவிர் தோல் எதிர்வினைகள் என்பவை, நாட்பட்ட கல்லீரல் அழற்சி சி நோய்க்குத் தரப்பட்ட டெலாபிரெவிர் என்னும் தீநுண்ம எதிர்ப்பு மருந்தால் ஏற்பட்ட தோல் தடிப்பு, அரிப்பு, கடும் ஒவ்வாமை நோய்த்தொகைகள் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றில் பெரும்பாலானவை கடுமையற்றவை. மிகச் சில உயிரைப் பறிக்கக் கூடியவை.

பின்னணி

கல்லீரல் அழற்சி சி தீநுண்மம் 1989 இல் கண்டறியப்பட்டது. இதற்கான மருந்தாக அமெரிக்காவில் 1991 இல் இன்டர்ஃபெரான் ஊசியும், 1998 இல் அதனுடன் சேர்த்து உட்கொள்ளும் ரிபாவிரினும் ஒப்புதல் பெற்றன. இந்தக் கூட்டு மருத்துவத்திலும் தோல் வறட்சி, அரிப்பு, தடிப்பு ஆகியவை காணப்பட்டன. எனினும் முதலாம் மரபணு வகைத் தீநுண்மம் தொற்றியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குணமடையவில்லை.

அறிமுகம்

வெர்டெக்சு நிறுவனத்தின் டெலாபிரெவிர், 'இன்சிவெக்' என்ற வணிகப் பெயரில் 2011 மே 23 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. தீநுண்மம் பெருகுவதற்குத் தேவையான புரதச்சிதைப்பு நொதியை இது தடுத்தது. பழைய இரு மருந்துகளுடன் சேர்த்து 12 வாரங்கள் தரப்பட்டது. முன்பு மருத்துவம் பெறாதவர்களிடம் நடந்த ஆய்வில், பழைய கூட்டு மருந்தால் 44 விழுக்காட்டினரும் டெலாபிரெவிர் சேர்ந்தபோது 75 விழுக்காட்டினரும் குணமடைந்தனர்.

தோல் தடிப்பு

மருந்தாய்வுகளில் டெலாபிரெவிர் பெற்றவர்களில் 56 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் தடிப்பு தோன்றியது. பெரும்பாலும் இது அரிப்புடன் கூடிய கரப்பான் போன்றது. கடுமையான தடிப்பு ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் மட்டுமே காணப்பட்டது. இசுடீவன்சு-ஜான்சன் நோய்த்தொகை, காய்ச்சலுடன் உள்ளுறுப்புகளையும் தாக்கும் மருந்து ஒவ்வாமை ஆகியவை 1 விழுக்காட்டிற்கும் குறைவு.

மருத்துவருக்கும் நோயாளிக்கும் இது கடினமான நிலையாக இருந்தது. ஒருமுறை நிறுத்திய டெலாபிரெவிரை மீண்டும் தொடங்கக் கூடாது; அளவைக் குறைத்துத் தரவும் கூடாது. ஆகவே, சாதாரணத் தடிப்புக்கு அஞ்சி நிறுத்தினால் குணமடையும் வாய்ப்பு குறையும். கடுமையானதைச் சாதாரணமென எண்ணித் தொடர்ந்தால் உயிர் போகலாம். இதனால் தடிப்பு பரவிய உடற்பரப்பு, கொப்புளம், வாய்ப்புண், காய்ச்சல், முகவீக்கம் ஆகியவற்றைக் கவனித்து முடிவெடுக்கும் முறை பின்பற்றப்பட்டது. சாதாரணத் தடிப்புக்கு மேற்பூச்சு இசுடீராய்டும் ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரையும் தந்து மருந்து தொடரப்பட்டது.

2012 எச்சரிக்கை

தடிப்பு முற்றிய பின்னும் மருந்தைத் தொடர்ந்த சிலர் இறந்ததை அடுத்து, 2012 டிசம்பரில் மருந்தின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. காய்ச்சல் முதலிய உடல் அறிகுறிகளுடன் தடிப்பு வந்தாலோ, கடுந்தடிப்பு மேலும் முற்றினாலோ, டெலாபிரெவிரை மட்டுமன்றி மூன்று மருந்துகளையும் உடனே நிறுத்த வேண்டும் என அது கூறியது.

பயன்பாட்டின் முடிவு

2013 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற சோஃபோசுபுவிர், பக்கவிளைவு குறைந்த மருத்துவத்திற்கு வழிவகுத்தது. டெலாபிரெவிரின் தேவை விரைவாகக் குறைந்தது. 2014 இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.