குரங்கணித் தீயும் எங்க மலைப் புல்லும்

மாசி பிறந்துட்டா போடி பக்கத்து அடிவாரத் தோட்டக்காரங்க யாரும் மலையை ஒரு தடவை பார்க்காம வீட்டுக்குத் திரும்ப மாட்டோம். இருட்டினதுக்கப்புறம் மேல சிவப்பா ஒரு கோடு தெரிஞ்சா அன்னைக்குத் தூக்கம் கிடையாது. வெளியூர்க்காரங்களுக்கு எங்க மலைத் தீ 2018ல தான் தெரியும். எங்களுக்கு அது மழை, பனி மாதிரி வருசா வருசம் வர்ற பருவம். ஆனா எப்பவும் இவ்வளவு மூர்க்கமா எரிஞ்சதான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்லுவேன். அது ஏன்னு எழுதத்தான் இந்தப் பதிவு.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைங்க முந்தின நாள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலை ஏறி, அன்னைக்கு இறங்கிக்கிட்டு இருந்தாங்க. மத்தியானத்துக்கு மேல ஒத்தமரம் பக்கத்துச் சரிவுல தீ சுத்திக்கிச்சு. முதல்ல மேல ஓடினது குரங்கணி, கொட்டகுடி ஜனங்கதான். போர்வையில தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. மறுநாள் விடிஞ்சப்புறம் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்துச்சு. அங்கேயே இறந்தவங்க, ஆஸ்பத்திரியில இறந்தவங்கன்னு இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. பெரும்பாலும் சின்ன வயசு. அந்த வருசமே மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் போட்டாங்க. நல்லதுதான். ஆனா விதி மனுசனுக்குத்தான். புல்லுக்கு யார் விதி போடுறது?

பேப்பர்ல எல்லாம் 'காட்டுத் தீ'ன்னு போட்டாங்க. படிக்கிறவங்க பெரிய மரக்காடு எரிஞ்சதா நினைச்சுக்குவாங்க. அந்தச் சரிவுல மரம் கம்மி, அங்க எரியறது புல். நாங்க போதைப்புல்லுன்னு சொல்றது, கசக்கினா எலுமிச்சை வாசம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஆள் உயரம் வளரும், தையில மஞ்சளாகும், மாசிக் காத்துல சருகாகும். அதுக்குள்ள எண்ணெய்ச் சத்து இருக்கு. சரிவுல தீ கீழிருந்து மேல போகும்போது சூடு முன்னாடியே போய் மேல இருக்கிற புல்லைக் காயவச்சுடும், அப்புறம் தீ வந்து தொட்டாப் போதும். மேல பார்த்து ஓடுறவன் தீயை ஜெயிக்க முடியாது. தப்பிக்கணும்னா ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச கரிசல் பக்கமோ, புல் இல்லாத பாறைக்கோ போகணும். மலையில மாடு மேய்ச்சவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம் இது. ஊர்லயிருந்து வந்த பிள்ளைங்களுக்கு யார் சொல்லித் தர்றது?

பழைய கதைக்கு வர்றேன். வெள்ளைக்காரன் 1882ல மதராஸ் வனச் சட்டம் கொண்டு வந்தான். ஒதுக்குக் காடுன்னு எல்லைக்கல் நட்டு, அதுக்குள்ள தீ வைக்கக் கூடாது, அனுமதி இல்லாம மாடு மேய்க்கக் கூடாதுன்னு வச்சான். அதுக்கு முன்னால மலையில இருக்கிறவங்களும் கிடைக்காரங்களும் புல் முழுசாக் காயறதுக்கு முன்னாடியே, ஈரம் இருக்கும்போதே, இங்கொண்ணு அங்கொண்ணா கொளுத்தி விடுவாங்களாம். அந்தத் தீ முழங்கால் உயரத்துல எரிஞ்சு தானா அணைஞ்சிடும். புதுத் தளிர் வரும், மாடு திங்கும். இதை எங்க அய்யா அவங்க அய்யாகிட்ட கேட்டுச் சொன்னது. எல்லாரும் அப்படிப் பதமாத்தான் வச்சாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். காட்டை அழிச்சவனும் இருந்திருப்பான். ஆனா பங்குனி வரைக்கும் புல்லை நிக்க விட்டதில்லை.

சட்டம் வந்தப்புறமும் மலையில ஆள் நடமாட்டம் குறையலை. கண்ணன் தேவன் மலைத் தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில கொட்டகுடிக்கு இறங்கி, வண்டி கட்டி போடிக்கு வந்த காலம் அது. மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவுல ஓடின சின்ன ரயிலை 1924 வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு. அதுக்கப்புறமும் ஏலத்தோட்டத்துக்குப் போற ஆளும், மூட்டை சுமக்கிற கழுதையும் ஓயலை. நடமாடுற இடத்துல பாதை வெறுந்தரையாக் கிடக்கும். பாதையே தீத்தடுப்புக் கோடு. கூரைக்குப் புல் அறுக்கவும் கூட்டமா ஏறுவாங்க. ஓடும் தகரமும் காங்கிரீட்டும் வந்தப்புறம் அந்தப் புல்லை யாரும் சீண்டறதில்லை.

பிறகு மலைமாடு. தேனிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டி பட்டியா மலைக்குப் போய் மாசக் கணக்குல மேய்ஞ்சுட்டு வரும். பாஸ் கிடைக்கிறது வருசத்துக்கு வருசம் இறுகிட்டே வந்துச்சு. மேகமலைப் பக்கம் 2021ல புலிகள் காப்பகம் ஆச்சு. 2022 மார்ச்சுல ஐகோர்ட்டு காட்டுக்குள்ள மேய்ச்சலே கூடாதுன்னு உத்தரவு போட்டு, அதே மாசத்துல அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு மட்டும்னு குறைச்சுது. புலிக்கும் இடம் வேணும், மறுக்கலை. மாட்டுக்காரன் தளிருக்காகத் தீ வைக்கிறான்னு சொல்றதும் முழுப் பொய் இல்லை. ஆனா மாட்டை இறக்கிவிட்டதோட கணக்கு முடிஞ்சுதுன்னு நினைக்கிறதுதான் எனக்கு ஒப்பலை. மாடு தின்ன புல்லை இப்ப யார் அறுக்கிறா?

வருசா வருசம் டீக்கடையில ஒரே சண்டை. பீடி போட்டவன் யாரு, தேன் எடுக்கப் போனவன் யாரு, சமைச்ச நெருப்பை அணைக்காதவன் யாருன்னு. ஆளைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனா ஒரு பொறி எப்படியும் விழும். புல் முழங்கால் உயரம்னா பத்துப் பேர் பச்சைக் கொப்பு ஒடிச்சு அடிச்சே அணைச்சிடலாம். ஆள் உயரம்னா கிட்டவே போக முடியாது, எதிர்த்தீ வச்சுட்டு ஒதுங்க வேண்டியதுதான்.

எனக்கு அடிவாரத்துல ரெண்டு ஏக்கர், பாதி மா, பாதி இலவம். தீ வர்ற அதே மாசத்துலதான் இலவம் நெத்தாகி வெடிக்கும். பஞ்சு பறக்கிற நேரத்துல வேலியோரம் ஒரு பொறி விழுந்தா, மரமும் அந்த வருசச் சாப்பாடும் சேர்ந்து போயிடும். அதனால தை முடியறதுக்குள்ள மலைப் பக்க வேலியை ஒட்டி இருபது அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி ஒதுக்கிடுறோம். நாலு தோட்டக்காரங்க கூட்டாச் செய்யறதால கூலி கட்டுது. செதுக்கின புல் எங்க மாட்டுக்குப் படுக்கையாகுது. வேலிக்கு அந்தப் பக்கம் நாங்க அரிவாளோட போக முடியாது, அது ஒதுக்குக் காடு. அங்க இந்த வருசமும் புல் என் தோள் உயரத்துக்கு நிக்குது.