கும்பினிக்காரன் கொடுத்த கௌலும் ஊரடங்கு கால வேடந்தாங்கலும்

2020 மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை வேடந்தாங்கல் போறதா இருந்தோம். பைனாகுலரைத் துடைச்சுப் பைக்குள்ள வச்சதோட சரி. 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. அப்புறம் நானும் எல்லாரையும் போல மொட்டை மாடியில நின்னு காக்கா பாத்துக்கிட்டு இருந்தேன் :-)

அந்த நாட்கள்ல வாட்ஸப்பைத் திறந்தா ஒரே செய்திதான். மனுஷன் வீட்டுக்குள்ள அடைஞ்சதும் இயற்கை மூச்சு விடுதாம். வெனிஸ் கால்வாய்க்கு அன்னம் திரும்பி வந்துடுச்சுன்னு படம் வேற (அந்த அன்னங்கள் எப்பவும் பக்கத்துத் தீவுல இருக்கறதுதான்னு பிறகு தெரிஞ்சுது). நிலவரம் வேற. ஊரடங்குக்கு முந்தைய ஆறு வாரத்துல இந்தியாவுல செய்தியான வேட்டைச் சம்பவங்கள் 35; ஊரடங்கு தொடங்கின ஆறு வாரத்துல 88. டிராஃபிக் அமைப்பு 2020 ஜூன்ல வெளியிட்ட கணக்கு இது. காட்டுல துப்பாக்கியும் கண்ணியும் ஊரடங்கை மதிக்கலை. காகிதங்களும் மதிக்கலைங்கறதுதான் நான் சொல்ல வந்த கதை.

அதுக்கு 200 வருஷம் பின்னால போகணும்.

1790கள்ல செங்கல்பட்டு வட்டாரம் கும்பினியோட ஜாகீர். கலெக்டர் லயனல் பிளேஸ். பேரைக் கேட்டா மதுராந்தகத்துக்காரங்க நிமிர்ந்து உக்காருவாங்க. ஏரி உடையப் போற ராத்திரியில ராமனும் லட்சுமணனும் வில்லோட கரையில காவல் நின்னதைப் பாத்ததா சொல்றாங்களே, அதே துரைதான். ஏரி காத்த ராமர் கோயில் கதை.

மதுராந்தகம் பக்கத்துலதான் வேடந்தாங்கல். பேரே வேடர்கள் தங்கின இடம்னு சொல்லுது. அந்தச் சின்ன ஏரியில, தண்ணிக்குள்ள நிக்கிற நீர்க்கடம்பு மரங்கள்ல வருஷா வருஷம் கூடு கட்ட வர்ற நாரை, நீர்க்காகம், வக்கா எல்லாத்தையும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட ஆரம்பிச்சாங்க. ஊர்க்காரங்க நேரா கலெக்டர்கிட்ட போய் நின்னாங்க. 1798ல ஒரு கௌல் வாங்கினாங்க. கௌல்னா உறுதிப் பத்திரம். இந்த ஏரியில யாரும் பறவையைச் சுடக் கூடாதுன்னு சர்க்கார் எழுதிக் கொடுத்த காகிதம்.

அவங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா, காரணம் ரொம்ப சாதாரணம். பறவை எச்சம் விழுந்து விழுந்து ஏரித்தண்ணியே எருவாயிடும். அதை வயலுக்குப் பாய்ச்சினா தனியா எரு கம்மியாப் போட்டாப் போதும். அவங்க பசுமைப் போராளிகள் இல்லை, விவசாயிங்க. அதனாலதான் அந்தப் பாதுகாப்பு நிலைச்சதுன்னு எனக்குத் தோணும்.

அந்த மூலப் பத்திரம் தொலைஞ்சு போச்சு. விட்டாங்களா? மறுபடி போய்க் கேட்டு 1858ல புதுப்பிச்சு வாங்கிட்டு வந்தாங்க. நடுவுல 60 வருஷம், ரெண்டு மூணு தலைமுறை! என் வீட்டு கேஸ் புக் எங்கன்னு எனக்கே தெரியாது.

அப்புறம் 1936ல சரணாலயமா அங்கீகாரம். 1950கள்ல மா. கிருஷ்ணன் அங்கே போய் கவனிச்சு எழுதினார். 1998ல ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம்னு அரசு அறிவிச்சுது. ஏரி என்னவோ 30 ஹெக்டேர்தான். ஆனா பறவை இரை தேடுறது சுத்துப்பட்டு வயல்லயும் மத்த ஏரிகள்லயும். நத்தைக்குத்தி நாரைக்கு நத்தை வேடந்தாங்கல் ஏரியிலயா முழுசும் கிடைக்கும்? வீடு ஒரு இடம், சாப்பாடு வேற இடம்.

இப்ப 2020க்கு வருவோம். நாம பால் பாக்கெட்டைக் கழுவிக்கிட்டு இருந்தப்போ, அந்த 5 கிலோமீட்டரை 3 ஆக்கலாம்னு ஒரு யோசனை கோப்புல நகர்ந்துக்கிட்டு இருந்தது. ஜூன்ல விஷயம் பத்திரிகைக்கு வந்துது. வெளியே போற அந்த வளையத்துக்குள்ளதான் ஒரு மருந்துக் கம்பெனி இருக்கு, விரிவாக்கம் கேட்டுக்கிட்டு இருக்குன்னும் செய்தி. வனத்துறை ரெண்டுக்கும் சம்பந்தமில்லைன்னுச்சு.

இதுல ஒரு கணக்கு பலர் கண்ணுல படலை. ஆரம் 5லேர்ந்து 3ன்னா 40 சதவீதம் குறையுதுன்னு பேசினாங்க. பரப்பைப் போட்டுப் பாருங்க. 25 பங்கு 9 பங்காகுது. தோராயமா 64 சதவீதம் காலி! எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

தெருவுல இறங்கிக் கத்த முடியாத காலம். நாலு பேர் கூடினா கேஸ். இருந்தும் ஆளுக்கு ஆள் கடிதம் போட்டாங்க, எழுதினாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க. அந்த யோசனை நிறைவேறலை. 2022ல வேடந்தாங்கல் ராம்சர் பட்டியல்லயும் ஏறிடுச்சு. 1798ல செங்கல்பட்டுக்குப் போய் நின்னவங்க செஞ்சதும் இதேதானே. மனு கொடுத்தாங்க, பதில் வர்ற வரைக்கும் நகரலை.

அதே 2020ல, சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடி. தெருவிளக்கு மொத்தத்துக்கும் சேர்த்து இருக்கிற ஸ்விட்ச் பெட்டிக்குள்ள ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டிருச்சு. ஊர் கூடிப் பேசினாங்க. முதல்ல சிலர் முனகினாங்களாம், ஒரு குருவிக்காக ஊரே இருட்டுல கிடக்கணுமான்னு. நியாயமான கேள்விதான், பாம்பு பல்லி திரியற ஊரு. கடைசியில ஒத்துக்கிட்டாங்க. முப்பது நாப்பது நாள் தெருவுல விளக்கே எரியலை. செல்போன் வெளிச்சத்துலயும் டார்ச்சுலயும் நடமாடியிருக்காங்க. குஞ்சுங்க பறந்து போன பிறகு பெட்டியைச் சுத்தம் பண்ணி ஸ்விட்சைப் போட்டாங்க.

தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டியும் இதே மாவட்டம்தான். அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதறேன்.