‘அடிக்கிறார்’: அவசர அழைப்பும் வினைமுற்றின் காலமும்

1970 மே மாதம். ஆஸ்திரேலியாவின் எச்சூகா நகரத் தொலைபேசி நிலையத்திற்கு ஓர் அழைப்பு வந்தது. அழுகையினூடே காவல்துறையைக் கேட்ட பெண்குரல், முகவரியைச் சொன்னதும் அறுந்தது. சில நிமிடங்களில் அவ்வீட்டுப் பெண் கணவரின் துப்பாக்கிக் குண்டுக்கு இறந்திருந்தார். துப்பாக்கி தற்செயலாக வெடித்ததென்றார் கணவர். மனைவி அழைத்ததையும் மறுத்தார். ஒலிப்பதிவு கிடையாது, இணைப்பாளரின் செவியே சாட்சி. அச்சாட்சியம் ஏற்கத்தக்கதே என 1971இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது (ராட்டன் வழக்கு).

இந்தியாவில் இதற்கான இடம் முன்பே இருந்தது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 6ஆம் பிரிவுக்கான முதல் எடுத்துக்காட்டே ஓர் அடிதடிதான்: அடித்தவரோ அடிபட்டவரோ அருகில் நின்றவரோ அப்போது சொன்னவை அந்நிகழ்வின் பகுதியாகும். ஆனால் பதிவான குரல் நீதிமன்றத்தில் நிலைபெற்றது வேறு வழியில். யூசுபலி வழக்கும் (1967) மல்கானி வழக்கும் (1972) லஞ்ச வழக்குகள். குரலை அடையாளம் காணுதல், பதிவு திருத்தப்படாமை முதலிய நிபந்தனைகளைத் தொகுத்த ராம்சிங் வழக்கு (1985) தேர்தல் தொடர்பானது. நாடாவை முன்கூட்டியே பொருத்திவைக்க அவகாசம் இருந்தவர்களின் சட்டம் இது எனலாம்.

2006 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டேவிஸ் வழக்கைத் தீர்த்தது. பெண்ணை அணுகக்கூடாதென்ற ஆணையை மீறியதே குற்றச்சாட்டு. அழைத்த பெண் சாட்சி சொல்ல வரவில்லை. நடந்துகொண்டிருப்பதை உதவி வேண்டிச் சொன்ன சொற்களை ஏற்ற நீதிமன்றம், உடன் விசாரித்த ஹாமன் வழக்கில், நடந்து முடிந்ததைக் காவலரிடம் விவரித்த சொற்களைக் குறுக்கு விசாரணையின்றி ஏற்க மறுத்தது. முழுவதுமாக இல்லாவிடினும், எல்லைக்கோடு பெருமளவு இலக்கணக் காலத்தின் மீதே விழுந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று இந்தியாவின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவின்படி, பிரமாணப் பத்திரத்தைக் கொண்டே நடுவர் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். கணவர் வந்து மறுக்கும்போதுதான் ஒலிப்பதிவின் தேவை கூர்மையாகிறது. மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என 2014இல் அன்வர் தீர்ப்பும் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பும் வலியுறுத்தின. இன்று அது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு. பேசியவர் அப்பெண், பதிவுக் கருவியோ காவல்துறையிடம். சான்றிதழ் கிடைக்காவிடில் நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம் என்பது 2020 தீர்ப்பு திறந்த வழி.

இனிச் சிவாஜிநகர். பழைய கன்டோன்மென்ட் பகுதியான இங்கு தமிழும் தக்கணி உருதும் கன்னடமும் அருகருகே புழங்குகின்றன; மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் இருக்கும் இன்பான்ட்ரி சாலையும் பக்கத்தில்தான். இங்கிருந்து ஒரு பெண் 112ஐ அழைத்து, “அடிக்கிறாரு” என்கிறாள் என்று கொள்வோம். தமிழின் இவ்வினைமுற்று இக்கணத்து அடியையும் குறிக்கும், வழக்கமான அடியையும் குறிக்கும். ‘அடித்துக்கொண்டிருக்கிறார்’ என்ற வடிவம் உண்டு. அடிபடுகிறவர் அதைத் தேடிச் சொல்வாரென எதிர்பார்ப்பது மிகை. கன்னடத்தில் எழுதுபவரோ ‘ஹொடெயுத்தாரெ’, ‘ஹொடெயுத்தித்தாரெ’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். முன்னது வழக்கத்தைச் சொல்லும், பின்னது அவசரத்தை. பாதுகாப்பு ஆணைக்கு இரண்டுமே பயன்படும். ஆனால் எதை அவள் சொன்னாள் என்பதை எழுதியவரே முடிவுசெய்துவிடுகிறார். மூச்சிரைப்பு, பின்னணிக் கூச்சல், கதவு இடிபடும் ஓசை ஆகியவையே அந்த ஐயத்தைத் தீர்ப்பவை. எழுத்துப்படியில் அவை இரா. எனவே பதிவை வரவழைக்கும் மனுவில் எழுத்துப்படியோடு நில்லாமல் ஒலிக்கோப்பையே கேட்க வேண்டியிருக்கிறது.