சிட்னியில் பிறந்த காற்று

1980 ஜூன் மாதம். சிட்னி றோயல் பிரின்ஸ் அல்பிரட் வைத்தியசாலையில் ஒரு கட்டடத் தொழிலாளி நித்திரைக்குப் படுக்கிறார். கண் அயர்ந்ததும் தொண்டை ஒட்டி மூச்சு அடைபடும். பகலில் இருந்த இடத்திலேயே கண் சொக்கும். இந்த நோய் முற்றியவர்களுக்கு அன்று இருந்த வழி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான். அவர் அதற்கு மாட்டேன் என்றுவிட்டார். கொலின் சலிவன் என்ற வைத்தியர் வேறொரு யோசனை சொன்னார். டொரொன்டோவில் நாய்களின் நித்திரையை ஆராய்ந்தபோது அவற்றின் முகத்துக்கு மாஸ்க் செய்து பழகியவர் அவர். இப்போது மனித மூக்குக்கு ஒன்று செய்து, குழாயைப் பூட்டி, மோட்டாரால் காற்றை ஊதினார். தொண்டை திறந்தே நின்றது. அழுத்தத்தைக் குறைத்தால் அடைப்பு வந்தது, கூட்டினால் போனது.

1981 ஏப்ரலில் ஐந்து நோயாளிகளின் முடிவுகள் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. கொடுத்த அழுத்தம் 4.5 முதல் 10 சென்ரிமீற்றர் நீர். பத்து சென்ரிமீற்றர் என்பது நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அந்தச் சின்னத் தள்ளல் போதும், தொண்டைச் சதை மடியாமல் இருக்க. 1985இல் அமெரிக்காவில் ரெஸ்பிரோனிக்ஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1989இல் சலிவனின் கண்டுபிடிப்பை வைத்து பீற்றர் ஃபாரல் சிட்னியில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் ரெஸ்மெட் ஆனது. இரைச்சல் மோட்டார் படிப்படியாகச் சுருங்கித் தலைமாட்டில் வைக்கும் பெட்டியாயிற்று. சீபாப் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான்.

அந்தப் பெட்டி இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவுக்கு இரண்டு வழியால் வருகிறது. கொழும்பில் வாங்கி இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவது ஒன்று. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் மகனோ மருமகனோ லீவில் வரும்போது சூட்கேசில் உடுப்புக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவது மற்றது. இரண்டாவது வழியில் வரும் பெட்டி சில வேளை இன்னொருவர் பாவித்ததாக இருக்கும், அவருடைய தொண்டைக்கு வைத்த அழுத்தம் அப்படியே உள்ளே இருக்கும். அதை மாற்றாமல் மாட்டிப் படுப்பது வேறொருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீதியில் இறங்குவது மாதிரி. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் ரெஸ்பிரோனிக்ஸ் இயந்திரங்களைப் பெருந்தொகையில் திரும்பப் பெற்றது. இரைச்சலைக் குறைக்க உள்ளே வைத்த பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கலாம் என்பதே காரணம். பழைய பெட்டி கைக்கு வந்தால் அதன் தொடரிலக்கத்தை முதலில் சரிபார்க்க வேண்டும்.

பெட்டி வர முன்னமே வீட்டுக்கு ஒரு தாள் வந்திருக்கும். நித்திரைப் பரிசோதனை ரிப்போட். தலையில் வயர்கள், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி, விரலில் கிளிப் என்று ஓர் இரவைக் கழித்ததற்குக் கிடைத்த தாள். அதில் எல்லாருடைய கண்ணும் ஓர் எண்ணிலேயே நிற்கும்: ஏ.எச்.ஐ. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. பத்து விநாடிக்குக் குறைவான தடங்கல் கணக்கில் சேராது. ஐந்துக்குள் இருந்தால் சாதாரணம், 15 வரை இலேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

எனக்கு அந்த எண்ணைவிட அதன் கீழே ஓடும் ஒட்சிசன் கோடு முக்கியமாகப் படுகிறது. மூச்சு நிற்கும்போது அது மெதுவாகச் சரியும், மூளை திடுக்கிட்டு எழுப்பியதும் சட்டென்று நிமிரும். இரவு முழுக்க இப்படிச் சரிந்து நிமிர்ந்தால் கோடு வாளின் பல்லைப் போலிருக்கும். கூர்ந்து பார்த்தால் சரிவு மூச்சு நின்ற இடத்துக்கு நேரே வராது, சற்றுத் தள்ளி வரும். நுரையீரலில் இருந்து இரத்தம் விரல் நுனிக்கு வரப் பிடிக்கும் நேரம் அது. இருவருக்கு ஏ.எச்.ஐ. 28 என்றே இருக்கலாம். ஒருவருக்கு ஒட்சிசன் 90க்குக் கீழே இறங்கியிராது, மற்றவருக்கு 70 வரை போய்வந்திருக்கும். இருவரும் ஒரே மாதிரியான நோயாளிகள் அல்லர். மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, கனவுத் தூக்கத்தில் எவ்வளவு என்று பிரித்துப் போட்ட வரிகளையும் வைத்தியரிடம் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு கணக்கு எழுதும் பொறுப்பு பெட்டிக்குப் போகிறது. காலையில் அதன் திரையில் ஏ.எச்.ஐ. 2 என்று வரும். முன்பு 40, இப்போது 2! வீடே நிம்மதியடையும். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டு எண்களும் ஒரே கருவி எண்ணியவை அல்ல. பரிசோதனைக் கூடத்தில் தலை வயர் பார்த்து உண்மையில் நித்திரை கொண்ட நேரத்தால் வகுப்பார்கள். பெட்டிக்கோ நீங்கள் நித்திரையா, முழிப்பா என்று தெரியாது. மாஸ்க் மாட்டிய நேரத்தால் வகுக்கும். மாஸ்க் ஓரத்தால் காற்று அதிகம் கசிந்தால் எண்ணிக்கையே பிழைத்துவிடும். தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்செடுக்கச் சொல்லாததால் வரும் நிறுத்தங்கள் சிலருக்குச் சிகிச்சை தொடங்கியதும் தலைகாட்டும். அழுத்தத்தைக் கூட்டி அதைத் தீர்க்க முடியாது.

எல்லாவற்றிலும் பெரியது, மாட்டாத நேரத்தைப் பெட்டி எண்ணுவதே இல்லை. ஏழு மணிநேரம் தூங்குபவர் மூன்றரை மணிநேரம் மட்டும் மாஸ்க் போட்டால், அரை இரவு 2, மீதி அரை இரவு 40. அந்த இரவின் உண்மையான சராசரி 21. திரையில் இருப்பதோ 2.

2016இல் வெளிவந்த ‘சேவ்’ ஆய்வில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். இந்தியா, சீனா, அவுஸ்திரேலியா உட்பட ஏழு நாடுகளில், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ போன்ற நோய் கண்ட 2,700க்கு மேற்பட்டோரை எடுத்துப் பார்த்தார்கள். சீபாப் போட்டவர்களின் ஏ.எச்.ஐ. 29இலிருந்து 3.7க்கு இறங்கியது. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் சராசரியாக மாஸ்க் போட்டது இரவுக்கு 3.3 மணிநேரம். காரணம் அது ஒன்றுதானா என்பது இன்னும் விவாதம். ஆனாலும் எண்ணுக்குப் பக்கத்தில் மணிநேரத்தையும் எழுதாத ரிப்போட் அரைகுறை ரிப்போட் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எந்த மணிநேரம் என்பதும் முக்கியம். கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் கூடுதல், அப்போதுதான் தொண்டைத் தசைகள் மிகத் தளரும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவர் மாஸ்க்கைக் கழற்றுகிறார். தொழுதுவிட்டு வந்து மறுபடி சாய்கிறபோது, ‘இனி என்ன, கொஞ்ச நேரம்தானே’ என்று அதை மாட்டுவதில்லை. நோன்பு மாதத்தில் ஸஹருக்குப் பிறகும் அப்படியே. மூச்சு மோசமாக அடைபடும் பொழுது அது. வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுக்கும் பொழுதும் அதுவே. அந்த இரண்டாம் தூக்கத்துக்கும் மாஸ்க் வேண்டும் என்று வைத்தியர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேட்காமலே. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்காக விழித்திருந்த இரவு பெட்டியில் பூச்சிய மணிநேரம் என்று பதிவாகும். அதற்குக் கவலைப்படத் தேவையில்லை.

கடற்கரை ஊரில் பெட்டிக்கும் தன் பாடு உண்டு. ஈரப்பதத் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் சில நாளில் அடியில் வெள்ளைப் படலம் கட்டும், விரலால் தேய்த்தால் சொரசொரக்கும். காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். குழாயை நுளம்பு வலைக்குள் கொண்டுபோகத் தலைமாட்டுப் பக்கம் ஓர் இடைவெளி விட வேண்டியிருக்கும். 2022இல் நாளுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களில் இந்தப் பெட்டிகள் வெறுமனே கிடந்தன. பற்றரியில் ஓட்டுவதென்றால் ஈரப்பதச் சூட்டை நிறுத்திவிட்டால் கூடுதல் நேரம் தாங்கும்.

உடல் எடை மாறினால் பழைய தாளின் எண்ணும் மாறும். அமெரிக்காவில் விஸ்கொன்சினில் நடந்த நீண்ட ஆய்வு 2000ஆம் ஆண்டில் சொன்னது: எடை பத்து வீதம் குறைந்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. ஏறத்தாழ 26 வீதம் குறைந்தது. 2024 டிசம்பரில் எடை குறைக்கும் ரிர்செபரைட் ஊசியை இந்நோய்க்கும் பயன்படுத்த அமெரிக்கா அனுமதித்தது. எடை இறங்கிய ஒருவர் குறட்டை போய்விட்டது என்று பெட்டியைத் தானாக அலுமாரியில் வைக்கக் கூடாது. 40இல் 26 வீதம் போனாலும் மீதி 30க்குக் கிட்ட நிற்கும். இன்னோர் இரவு, மாஸ்க் இல்லாமல், விரலில் கிளிப்போடு படுத்துப் புதிய தாள் எடுத்து, பழையதையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டிய பிறகே அதை முடிவு செய்யலாம்.